தினமும் பதினொன்று பத்துக்குத் தீ

முதலில் அங்கே ஒரு கதவு மட்டும் இருந்தது. தள்ளினால் திறக்கும். உள்ளே போனால் ஆறு அறைகள். ஒன்றில் தண்ணீர் வராது. மற்ற ஐந்தில் ஏதாவது ஒன்றில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் உலகத்துக்கும் நமக்கும் இரண்டு நிமிடம் சம்பந்தமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் சுபலக்னா வயரிங் சிஸ்டம்ஸ் கம்பெனியின் பெண்கள் கழிவறை பதினோரு வருடம் இப்படித்தான் நடந்தது. ஒருவரும் குறை சொன்னதில்லை. குறை என்று ஒன்றும் பதிவாகாததே பெரிய குறை என்பதை நிர்வாகம் சென்ற வைகாசியில் கண்டுபிடித்தது.

அந்தப் பதினோரு வருடமும் முத்தம்மா அங்கே இருந்தாள். புதுவாயல் கூட்ரோட்டில் காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறி, ஆறரைக்கு வேலையில் நிற்பாள். காருக்குள் ஓடும் வயர்களைக் கொத்தாகச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றுவது அவள் வேலை. நாற்பத்து மூன்று வயது. நாலு வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டிவரும் என்பது மருத்துவம் படிக்காத லைன் லீடருக்குக்கூடத் தெரியும். "போய்ட்டு வா முத்தம்மா" என்று ஒரு தலையாட்டலில் முடிகிற விஷயம் அது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் 'சுகம் 360'.

கதவு அகற்றப்பட்டு மின்பூட்டு வைத்த எஃகுக் கதவு வந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு டேப்லெட்டைப் பதித்தார்கள். திறப்பு விழா அன்று ஜெனரல் மேனேஜர் ஆதிநாராயணன் பட்டு வேட்டியில் வந்தார். கழிவறைக் கதவுக்குச் சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, டேப்லெட்டுக்குக் குங்குமம் வைத்தார்கள். குங்குமம் சரியாகக் கேமரா மேல் விழுந்ததால் முதல் மூன்று நாள் அதற்கு எல்லா முகமும் சிவப்பாகத் தெரிந்தது.

மென்பொருள் கம்பெனியிலிருந்து ஜோஷ்வா என்ற இளைஞர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு வந்து விளக்கினார்.

"மேடம்ஸ், இத டாய்லெட்டுன்னு நெனைக்காதீங்க. இது ஒரு அனுபவம். நீங்க எத்தன தடவ போறீங்க, எவ்ளோ நேரம் இருக்கீங்க, திருப்தியா இருந்துச்சா, எல்லாத்தையும் சிஸ்டம் புரிஞ்சுக்கும். உங்கள உங்களவிட நல்லா புரிஞ்சுக்கும்."

"உள்ள யாராச்சும் மாட்டிக்கினா?" என்று முத்தம்மா கேட்டாள்.

"நல்ல கேள்வி! அரசாங்க விதிப்படி தீ எச்சரிக்கை மணி அடிச்சா எல்லாப் பூட்டும் தானா தொறந்துக்கும். பன்னெண்டு நிமிஷம் தொறந்தே இருக்கும். மத்தபடி சிஸ்டம் சொன்னாத்தான் தொறக்கும்."

ஆதிநாராயணன் கை தட்டினார். ஆகவே எல்லாரும் தட்டினார்கள்.

உள்ளே போகும் முறை எளிமையானது என்று சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பணியாளர் எண்ணை அடிக்க வேண்டும். கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி இருந்தாக வேண்டும், மாதம் ஒருமுறை மாற்றவும் வேண்டும். பிறகு 'வருகையின் நோக்கம்' என்று ஒரு பட்டியல் வரும்: சிறிய வேலை, பெரிய வேலை, மற்றவை. மற்றவை என்றால் நூறு எழுத்துக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். மாதத்தில் மூன்று நாள் நூற்று நாற்பது பெண்களும் என்ன விவரிப்பார்கள் என்பதைப் பட்டியல் எழுதிய ஆண்பிள்ளைகள் யோசித்திருக்கமாட்டார்கள். இத்தனைக்கும் பிறகு கைபேசிக்கு ஓர் ஓடிபி வரும். அதை அடித்தால் கதவு திறக்கும். வெளியே வர வேண்டுமானால் உள்பக்கத்துத் திரையில் நட்சத்திரம் போட வேண்டும். நாலுக்குக் குறைவாகப் போட்டால் காரணம் எழுதும்வரை கதவு திறக்காது. எனவே முதல் வாரத்திலேயே சுகம் 360 ஐந்துக்கு ஐந்து வாங்கிவிட்டது.

ஆனால் அந்த முதல் வாரத்துக்கு முன்னால் பதிவு என்று ஒன்று நடந்தது. எல்லாக் கேடும் அங்கேதான் ஆரம்பம்.

எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் ரகு கேன்டீனில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். மாலை ஐந்துக்குள் நூற்று நாற்பது பேரையும் பதிந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இருபத்தொன்பது வயது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நல்ல பையன். வரிசையில் முதலில் நின்றது முத்தம்மா.

"போன் நம்பர் சொல்லுங்கக்கா. ஒரு ஓடிபி வரும், அத எனக்குச் சொல்லிடுங்க."

"நம்பரு சொல்றேன் சார். போனு கேட்டாண்ட எபினேசரண்ணங்கிட்ட இருக்குது. போயி எடுத்தாரட்டா?"

"உள்ள போன் அலவுட் இல்லக்கா. பதினோரு வருஷமா இருக்கீங்க, தெரியாதா?"

"தெரியும் சார். அதனாலதான் கேக்கறேன்."

ரகு விரலை விசைப்பலகை மேல் நிறுத்தினான். ஸ்டாஃப் தவிர அந்தக் கம்பெனிக்குள் வருகிற எல்லாருடைய கைபேசியையும் வாசலில் செக்யூரிட்டி எபினேசர் வாங்கி, புறாக்கூண்டு மாதிரி இருக்கும் மர அலமாரியில் வைத்து, ஓர் அலுமினிய வில்லையைக் கொடுப்பார். ஷிஃப்ட் முடிந்து வில்லையைக் கொடுத்தால்தான் போன் திரும்பி வரும். கைபேசி உள்ளே வரக்கூடாது என்ற சுற்றறிக்கையில் ஆதிநாராயணன் கையெழுத்து இருந்தது. கைபேசி இல்லாமல் கழிவறைக்குள் போகக்கூடாது என்ற சுற்றறிக்கையிலும் அதே கையெழுத்துத்தான் இருந்தது. பச்சை மை.

"இப்பதிக்கு என் நம்பரப் போட்டுடறேன்" என்றான் ரகு. "அப்புறம் மாத்திக்கலாம்."

முத்தம்மாவுக்குப் போட்டான். அடுத்தவளுக்குப் போட்டபோது திரை மறித்தது: 'இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. இவர் உங்கள் குடும்ப உறுப்பினரா?'

மணி நாலரை. ரகு 'ஆம்' என்று அழுத்தினான். அந்த ஓர் அழுத்தில் அவன் குடும்பத் தலைவனாகிவிட்டான். இனி ஒவ்வொருவருக்கும் உறவுமுறை கேட்டது மென்பொருள். தாய், மனைவி, மகள், இதரர். இதரர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. ரகு நியாயஸ்தன், வயதை வைத்துப் பிரித்தான். நாற்பதுக்கு மேலே தாய். இருபத்தைந்துக்குக் கீழே மகள். நடுவில் இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை.

"என்ன எதுல சார் போட்டீங்க?" என்றாள் ஸ்நேகா. முத்தம்மாவுக்குப் பக்கத்து இடத்தில் நின்று வேலை செய்கிற டிப்ளமோ படித்த பெண்.

"மகள்."

"எனக்கு இருவத்திரெண்டு. உங்களுக்கு இருவத்தொம்பது. ஏழு வயசுலயே பெத்துட்டீங்களா நைனா?"

"அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்மா, விடும்மா."

"என்னிய அம்மான்னு போட்டிருக்கியே" என்றாள் முத்தம்மா, "ஊட்ல உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டமாட்டாங்களா?"

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வேலை முடிந்தது. முப்பத்தெட்டுத் தாய்மார், அறுபத்தொரு மனைவியர், நாற்பத்தொரு மகள்கள். செவ்வாப்பேட்டையில் ஓட்டு வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்த ரகுவுக்கு ஒரே மாலையில் இவ்வளவு பெரிய சம்சாரம். நூறு சதவீதம் முடித்ததற்காக அவனுக்கு ஒரு பாராட்டு மின்னஞ்சல் வந்தது.

மறுநாள் முதல் அவன் வேறு வேலை ஏதும் செய்யவில்லை. கழிவறை லைனின் இந்தக் கோடியில், எச்.ஆர். கண்ணாடி அறை அந்தக் கோடியில். ஓடிபிக்கு ஆயுள் முப்பது விநாடி. நடந்தால் ஒரு நிமிடம் ஆகும். ஓடினால் பாதுகாப்பு விதிமீறல். எனவே பெண்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ரகு தன் கண்ணாடி அறைக் கதவோரம் நின்று எண்ணைச் சொல்வான். அதைக் கட்டிங் மேசை கிரிம்பிங் மேசைக்குக் கத்தும், கிரிம்பிங் டேப்பிங்குக்குக் கத்தும், டேப்பிங் கழிவறைக்குக் கத்தும்.

"முத்தம்மாவுக்கு நாலு, ஏழு, ஒம்பது, சைபரு!"

"சைபரா ஏழா?"

"சைபருமே! சீக்கிரம் போடு, சாவப்போவுது!"

யார், எப்போது, எத்தனையாவது தடவை போகிறார்கள் என்பது பொருள் எடுக்க வரும் லாரி டிரைவர் வரைக்கும் தெரிந்தது. முத்தம்மா பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் தலை குனிந்து நடந்தாள். பதினைந்தாம் நாள் ஏழுக்குப் பதில் ஒன்று என்று மூன்று முறை தப்பாக அடித்தாள். 'உங்கள் பாதுகாப்பைக் கருதி இந்தக் கணக்கு இருபத்து நாலு மணி நேரம் முடக்கப்படுகிறது' என்றது டேப்லெட்.

"எம் பாதுகாப்புக்கு இன்னா வந்துச்சு இப்ப?" என்று அவள் டேப்லெட்டைக் கேட்டாள். அது ஒரு சிரிக்கும் முகத்தைக் காட்டி, 'இந்தச் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா?' என்றது.

இதுவும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். ரகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூருக்குப் பெண் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால்.

அடுத்த நாள் காலை அவன் நேராக முத்தம்மாவிடம் வந்தான். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நேத்து ஞாயித்துக்கெழம ஓவர்டைம் வந்தீங்களா?"

"ஆமா சார். லைன் ஓடிச்சே."

"நல்லா ஓடிச்சு. அங்க பொண்ணு ஊட்டுல பஜ்ஜி வெச்சாங்க. நான் போன டீப்பாய் மேல வெச்சேன். ஒரு நாளைக்கு நானூறு மெசேஜ் படிக்க முடியலன்னு வாய்விட்டுப் படிக்கற மாதிரி செட் பண்ணி வெச்சிருந்தேன். பொண்ணு காபி தட்டோட வருது. போனு சொல்லுது: 'உங்கள் மனைவி சிறிய வேலைக்காகக் காத்திருக்கிறார். அனுமதிக்கவா?'"

ஸ்நேகா டேப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"நான் ஆஃப் பண்றதுக்குள்ள இன்னொண்ணு. 'உங்கள் மனைவி பெரிய வேலைக்காகக் காத்திருக்கிறார்.' பொண்ணோட அப்பா கேட்டாரு, எத்தன பேரு தம்பின்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அறுவத்தொண்ணுன்னு சொல்லிட்டேன்க்கா. எனக்குப் பொய் வராது."

சிம் அட்டையை உடைத்துக் கடம்பத்தூர் ஸ்டேஷனில் தண்டவாளத்தில் போட்டுவிட்டு வந்திருந்தான் ரகு. செவ்வாய்க்கிழமை ராஜினாமா கடிதம் கொடுத்தான். வியாழக்கிழமை வேறு ஊரில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நூற்று நாற்பது பேர் கொண்ட குடும்பத்தைத் தலைவன் கைவிட்டுப் போனான். ஓடிபிகள் மட்டும் யாருக்கும் எட்டாத ஏதோ ஓர் ஆகாயத்துக்கு வந்துகொண்டே இருந்தன. கதவு சாத்தியே கிடந்தது.

ரகு இடத்துக்கு மோனிகா என்ற பெண் வந்தாள். தன்மையானவள். மென்பொருள் கம்பெனிக்குப் புகார்ச் சீட்டு அனுப்பினாள். மூன்று நாளில் பதில் வந்தது. அதை முத்தம்மாவைக் கூப்பிட்டுப் படித்தே காட்டினாள்.

"'வணக்கம். உங்கள் பிரச்சனை எங்களுக்கு முக்கியம். குடும்பத் தலைவரை மாற்ற, பழைய குடும்பத் தலைவரின் இறப்புச் சான்றிதழைப் பதிவேற்றவும்.'"

"ரகு சாரு நல்லாத்தானே இருக்காரு?"

"நல்லா இருக்காருக்கா. அதுதான் இப்ப பிரச்சன."

மோனிகா மறுபடி எழுதினாள். இவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் வேலையில் இல்லை என்று விளக்கினாள். அடுத்த பதில் உடனே வந்தது: 'குடும்பத் தலைவர் உயிருடன் இருப்பதை அறிந்து மகிழ்ச்சி. உங்கள் பிரச்சனை தீர்க்கப்பட்டது. சீட்டு மூடப்படுகிறது.'

வேறு எங்கே போவது? அலுவலகக் கட்டடத்துக் கழிவறைக்கு ஸ்டாஃப் அட்டை வேண்டும். காம்பவுண்டு ஓரமெல்லாம் கேமரா. வாசலைத் தாண்டினால் அரை நாள் சம்பளம் வெட்டு. முத்தம்மா ஒருநாள் தாங்காமல் வாசலுக்கே போய் எபினேசரைக் கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்குன்னு ஒண்ணு இருக்குமே?"

"எனக்கா?" எபினேசர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ஏசுவே. நான் லோடு லாரி மறைவுல போறவன் தங்கச்சி. லாரி வராத நாள்ல ரொம்ப பேஜாரு."

கொஞ்ச நாள் சின்னப்பொண்ணு காப்பாற்றினாள். கழிவறை கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளி. அவளிடம் மட்டும் ஓர் அட்டை இருந்தது. அவள் அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்கும்போது நாலைந்து பேர் அவள் முந்தானையோடு உள்ளே நுழைந்துவிடுவார்கள். பத்தே நாளில் சிஸ்டம் கண்டுபிடித்துவிட்டது. 'இந்தப் பணியாளர் நாளொன்றுக்கு இருபத்து மூன்று முறை கழிவறை செல்கிறார்' என்று ஆதிநாராயணனுக்குச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போனது. சின்னப்பொண்ணுவை அழைத்து உடல்நல ஆலோசனை வழங்கி, அட்டையை வாங்கிக்கொண்டார்கள். யாரும் போகாத கழிவறையைக் கழுவ ஆள் எதற்கு என்று அடுத்த வாரம் அவளையே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். காலை நாஷ்டாவுக்கு இட்லியைக் காய்ந்த சட்னியில் தொட்டு விழுங்கினார்கள். கேன்டீனில் மோர் அண்டா அப்படியே திரும்பிப் போனது. ஆடி வெயில், மேலே தகரக் கூரை. காலை ஐந்தரைக்கு அடக்கினால் மாலை ஆறுக்குப் புதுவாயலில் இறங்கி வீட்டுக்கு ஓடும்வரை அடக்க வேண்டும். பஸ் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது நாற்பது பெண்கள் ஒரே சமயத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஆவணி பிறந்தபோது முத்தம்மாவுக்கு நடுக்கிக்கொண்டு ஜுரம் வந்தது. போகும்போது நெருப்பாக எரிந்தது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார்.

"தண்ணியே குடிக்கறதில்லையா?"

"குடிச்சா போவணும் டாக்டரு."

"போங்க."

"ஓடிபி கேக்குது."

டாக்டரம்மா அப்போது நிமிர்ந்தார். முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. "இன்ஃபெக்ஷன். சர்க்கரை வேற இருக்கு. இப்படியே அடக்கிட்டு இருந்தீங்கன்னா கிட்னிக்கு ஏறிடும். அப்புறம் டயாலிசிஸ்தான். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போயே ஆகணும். விளையாட்டு இல்லம்மா" என்று சீட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

சீட்டை எடுத்துக்கொண்டு முத்தம்மா ஆதிநாராயணன் அறைக்குப் போனாள். அவர் அறை குளுகுளு என்றிருந்தது. மேசையில் வெள்ளிப் பிள்ளையார், அவர் பக்கத்தில் மூன்று பாட்டில் தண்ணீர்.

"இதுக்குத்தானம்மா சிஸ்டத்துல 'மருத்துவ விலக்கு'ன்னே ஒரு பகுதி வெச்சிருக்கோம்" என்றார் பரிவோடு. "இந்தச் சீட்ட அதுல ஏத்திடுங்க. தானா தொறக்கும்."

"எப்டி சார் ஏத்தறது?"

"லாகின் பண்ணி உள்ள போனா எடது பக்கம் இருக்கும்."

"லாகினுக்கு ஓடிபி வேணும் சார்."

"ஆமா. வேணும்."

"அந்த நம்பரு ரகு சாரு தண்டவாளத்துல போட்டுட்டாரு."

ஆதிநாராயணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாருங்கம்மா. மனுஷன் தப்பு பண்ணா மனுஷனத் திருத்தலாம். சிஸ்டத்த மனுஷனுக்காக வளைக்க ஆரம்பிச்சா அப்புறம் அது சிஸ்டமே இல்ல. நீங்களே யோசிங்க. ஒருத்தருக்குத் தொறந்தா நூத்தி நாப்பது பேரும் கேப்பாங்க."

"கேப்பாங்க சார். எல்லாருக்கும் இருக்குதே."

"அதத்தான் சொல்றேன்" என்றார் அவர். தன் பேச்சில் தவறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதைத் தன் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டு அடுத்த கோப்பைப் புரட்டினார்.

ஆவணிக் கடைசியில் பாராட்டு விழா வந்தது. ஷாப் ஃப்ளோரின் நடுவில் மேடை போட்டு, சீரியல் விளக்கு கட்டி, தலைமை அலுவலகத்திலிருந்து கோட்டு போட்ட ஒருவரை அழைத்திருந்தார்கள். பின்னால் பெரிய திரையில் ஒரு கோடு மலையுச்சியிலிருந்து பள்ளத்துக்கு விழுந்து தரையோடு தரையாக ஓடியது. ஆதிநாராயணன் அதைக் காட்டிப் பேசினார்.

"சுகம் 360 வந்த புதுசுல இந்தப் பிளாண்ட்டுல ஒரு நாளைக்கு நானூத்திப் பத்து தடவ கழிவறைக்குப் போயிக்கிட்டு இருந்தாங்க. இது நாங்க எண்ணல, சிஸ்டம் எண்ணுச்சு. இன்னைக்கு எவ்ளோ தெரியுமா? பூஜ்யம். நாங்க யாரையும் தடுக்கல. திட்டல. ஒரு வார்த்த சொல்லல. அவங்களே மாறிட்டாங்க. இயற்கை உபாதைன்னு சொல்றோமே, அது உபாதையே இல்ல, ஒரு பழக்கம். டெக்னாலஜி நெனச்சா பழக்கத்த மாத்தலாம்னு நிரூபிச்சிருக்கோம். தண்ணி மிச்சம், நேரம் மிச்சம், கழுவற ஆளு மிச்சம். இதையே நாடு முழுக்கச் செஞ்சா இந்தியா எங்கியோ போயிடும்!"

கோட்டுக்காரர் எழுந்து நின்று தட்டினார். அறுபத்தொரு மனைவியரும் முப்பத்தெட்டுத் தாய்மாரும் நாற்பத்தொரு மகள்களும் காலை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுல ஒரு முன்மாதிரி. நாப்பத்தேழு நாளா ஒரு தடவகூட போகாதவங்க. சர்க்கரை வியாதி இருந்தும் போகாதவங்க! வாங்கம்மா முத்தம்மா."

ஜுரம் விட்ட உடம்போடு முத்தம்மா மேடை ஏறினாள். சால்வை போட்டார்கள். பரிசு என்று ஒரு செப்புக் குடுவையைக் கையில் கொடுத்தார்கள். ஒரு லிட்டர் பிடிக்கும். 'நீர் அருந்துவீர், நலம் பெறுவீர்' என்று பொறித்திருந்தது. மங்களகரமாக இருக்கட்டும் என்று அதில் தண்ணீரும் நிரப்பியிருந்தார்கள்.

"ரெண்டு வார்த்த பேசுங்கம்மா" என்று ஒலிவாங்கியை நீட்டினார் ஆதிநாராயணன்.

முத்தம்மா குடுவையைப் பார்த்தாள். மூடியைத் திருகினாள். தூக்கிக் குடிக்க ஆரம்பித்தாள். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் குடக் குடக் என்ற சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. நாலு ஒலிபெருக்கியில் தண்ணீர் இறங்கியது. கீழே நின்ற பெண்கள் எச்சிலை விழுங்கினார்கள். சிலர் ஒரு காலை மாற்றி ஊன்றினார்கள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு அவள் வாயைத் துடைத்தாள்.

"இப்ப எனக்குப் போவணும் சார்" என்றாள் ஒலிவாங்கியில். "கதவத் தொறங்க."

ஆதிநாராயணன் சிரித்தார். கோட்டுக்காரரும் சிரித்தார். "ரொம்ப எதார்த்தமான அம்மா" என்று ஆதிநாராயணன் அவர் காதில் சொன்னார்.

முத்தம்மா மேடையை விட்டு இறங்கினாள். டேப்பிங் மேசையைத் தாண்டினாள். தூணில் சிவப்புப் பெட்டி ஒன்று இருந்தது. 'தீ ஏற்பட்டால் கண்ணாடியை உடைக்கவும்' என்று எழுதியிருந்தது. உடைப்பதற்கென்று வைத்த சின்னச் சுத்தியல் எப்போதோ காணாமல் போயிருந்தது. அதனால் என்ன, கையில் செம்பு இருந்தது. ஓங்கி ஒன்று போட்டாள்.

மணி கதறியது. கதறலுக்கு நடுவே, லைனின் கோடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. டக். எஃகுக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

"ஸ்நேகா! தொறந்துக்கிச்சுமே! வாங்கடி!"

அடுத்து நடந்ததை ஓட்டம் என்று சொல்வது போதாது. நூற்று நாற்பது பெண்கள் மேடையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் மேடை மேல் ஏறியே போனார்கள். சீரியல் விளக்கு அறுந்தது. ஆதிநாராயணனும் கோட்டுக்காரரும் மற்ற அதிகாரிகளும் பயிற்சி பெற்றபடி கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே ஓடி, 'கூடுமிடம்' என்று பச்சைப் பலகை நட்ட இடத்தில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். எபினேசர் பதிவேட்டை எடுத்துத் தலை எண்ணினார்.

"சார், நூத்தி நாப்பது பேரு கொறையுது."

"எங்க?" என்று கோட்டுக்காரர் அலறினார். "எல்லாரும் உள்ள மாட்டிக்கிட்டாங்களா?"

"உள்ளதான் சார் இருக்காங்க" என்றார் எபினேசர். "ஆனா மாட்டிக்கினாங்கன்னு சொல்ல முடியாது."

பன்னிரண்டாவது நிமிடம் அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தீயிலிருந்து தப்பியவர்கள் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியைக் கோட்டுக்காரர் அதற்கு முன்னால் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டார்.

அன்று மாலை முத்தம்மாவை வேலையை விட்டு நிறுத்துவதென்று ஆதிநாராயணன் முடிவு செய்தார். மோனிகாதான் மெதுவாகச் சொன்னாள்: பொய் எச்சரிக்கை என்று பதிந்தால் விசாரணைக் குழு போட வேண்டும், காரணம் எழுத வேண்டும், பிளாண்ட்டின் மதிப்பெண் சிவப்பாகிவிடும். தீ ஒத்திகை என்று பதிந்தால் பச்சை. ஆதிநாராயணன் அரை நிமிடம் பச்சை மைப் பேனாவை உருட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. 'முன்னறிவிப்பின்றி, நிகழ்ச்சி நடுவே, இவ்வளவு பேர் இவ்வளவு வேகமாகச் செயல்பட்ட ஒத்திகை நம் எந்த ஆலையிலும் நடந்ததில்லை. இதை அடிக்கடி நடத்தவும்.' அடிக்கடி என்றால் எத்தனை என்று கேட்டு எழுதினார்கள். நாளுக்கு இரண்டு என்று பதில் வந்தது.

அன்று முதல் சுபலக்னா வயரிங் சிஸ்டம்ஸில் தினமும் காலை பதினொன்று பத்துக்கும் மதியம் மூன்று பத்துக்கும் தீப்பிடிக்கிறது. மணியை அடிக்கும் பொறுப்பை முத்தம்மாவிடமே கொடுத்து, 'தீப் பாதுகாப்புத் தூதர்' என்று ஒரு வில்லையையும் சட்டையில் குத்திவிட்டார்கள். ஐந்து அறைகள், நூற்று நாற்பது பேர், பன்னிரண்டு நிமிடம். கணக்குப் போட்டால் ஆளுக்கு அரை நிமிடம்கூட வராது. நடுவில் தாங்காதவர்களுக்கு வழியில்லை. முத்தம்மா பாதி தண்ணீர் குடிக்கிறாள். டாக்டரம்மா பாதி திட்டுகிறார். ஆனாலும் கிட்னி இன்னும் இருக்கிறது. கம்பெனிக்கு, அதிக ஒத்திகை நடத்திய ஆலை என்று ஒரு கேடயம் வந்தது. ஆண்கள் கழிவறைக்கும், விருந்தினர் கழிவறைக்கும் சுகம் 360 விரிவாக்கப்பட்டது.

பங்குனியில் ஒரு தணிக்கையாளர் வந்தார். அன்புசெல்வன் என்று பெயர், வெள்ளைச் சட்டை, கையில் கேள்வித்தாள் ஏற்றிய டேப்லெட். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆதிநாராயணன் அவருக்கு வரிசையாக மூன்று இளநீர் கொடுத்திருந்தார். தீப் பாதுகாப்புத் தூதரைப் பேட்டி காண வேண்டும் என்று அவர் டேப்பிங் மேசைக்கு வந்தார்.

"மணி அடிச்சா என்னம்மா செய்வீங்க?"

"பாத்ரூமுக்கு ஓடுவோம் சார்."

"அது இல்லம்மா. ஒத்திகையச் சொல்லல. நெசமாவே தீப்பிடிச்சா?"

முத்தம்மாவின் கை டேப்பில் நின்றது. இதுவரை யாரும் அவளைக் கேட்காத கேள்வி அது. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வயரைக் கீழே வைத்தாள்.

"நெசத் தீக்கும் அதே மணிதானே சார் அடிக்கும்? மணி அடிச்சா கதவு தொறக்கும். அப்பதான் தொறக்கும். நூத்தி நாப்பது பேரும் நாலு மணி நேரமா அதுக்கோசரம் காத்துக்கினு இருப்போம். அந்த நேரத்துல பொக வருதா, எந்தப் பக்கம் வருதுன்னு யாரு பாப்பாங்க? உள்ளதான் ஓடுவோம்" என்றாள்.

அன்புசெல்வன் அவளைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். அங்கே இருந்த கேள்வி: 'எச்சரிக்கை ஒலி கேட்டதும் பணியாளர்கள் தாமதமின்றி ஓடுகிறார்களா?' ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள்தான். எங்கே ஓடுகிறார்கள் என்று எழுத இடமில்லை. மேலும் கீழும் தள்ளித் தேடினார். இல்லை. 'ஆம்' என்பதை அழுத்தினார். பச்சையாக ஒரு பூ மலர்ந்தது.

டேப்லெட்டை மூடியும் அவர் நகரவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இங்க... கழிவறை எந்தப் பக்கம்?"

"உங்க போனு?"

"வாசல்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்களே."

முத்தம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டாள்.

"அப்டியே கால ஒட்டி வெச்சுக்கினு உக்காருங்க சார். எதையும் நெனைக்காதீங்க. தண்ணியப் பாக்காதீங்க. இன்னும் இருவது நிமிஷந்தான். மூணு பத்துக்குத் தீப்பிடிச்சிரும்."